சிப்பாயின் புகார் யார் மேசைக்குப் போகும்?
ராணுவத்தை உள்ளிருந்து ஆய்வு செய்யும் அதிகாரம்: பழைய பதில்களும் புதிய சிக்கல்களும்

ஒரு படைக்குள் நடக்கும் தவற்றை அந்தப் படையைச் சேர்ந்தவரே விசாரித்துவிட முடியுமா, வெளியாள் வந்துதான் ஆக வேண்டுமா? முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகள் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி, அடித்து, திருப்பி எழுதியிருக்கின்றன. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இதற்கென்றே இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் வைத்திருக்கின்றன. ஜெர்மனி அந்த வேலையை நாடாளுமன்றத்தின் ஆளிடம் கொடுத்திருக்கிறது. இந்திய ராணுவத்தில் இரண்டும் இல்லை. நமக்கு ஐ.ஜி. என்றால் போலீஸ் அதிகாரி. கடலோரக் காவல்படையிலும் எல்லைப் பாதுகாப்புப் படையிலும் அது ஒரு பதவிப் படி, அவ்வளவுதான்.

அலுவலகம் இல்லையே தவிர வேலைகள் இருக்கின்றன. படை போருக்குத் தயாராக இருக்கிறதா என்று பார்ப்பது, படைவீரரின் குறையைக் கேட்பது, வாங்கிய பொருளும் செலவழித்த பணமும் சரிதானா என்று சோதிப்பது என்று அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். இந்தியாவில் இவை வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. மூன்றாவது வேலை இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பினால் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை. காரும் லாரியும் பைக்கும் கைப்பேசியும் செய்துவந்த இந்தப் பட்டையில், வல்லம் வடகால் சிப்காட்டில், ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் மையம் திட்டமிடப்பட்டிருக்கிறது. ராணுவத்துக்குப் போகும் பொருளை யார் சோதிப்பது, அது பழுதானால் வீரர் யாரிடம் சொல்வது என்பவை இனி டெல்லிக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல.

வேலூர், 1806

பதில்களை வரிசைப்படுத்துமுன், பதில் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பது நல்லது. அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. 1805 நவம்பரில் சென்னை ராணுவத் தலைமை புதுவகைத் தலைப்பாகைக்கு உத்தரவிட்டது. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற விதிகளும் சேர்ந்துகொண்டன. 1806 மே மாதம் வேலூர்க் கோட்டையில் இருந்த 4ஆம் ரெஜிமெண்ட்டின் இரண்டாம் பட்டாலியன் சிப்பாய்கள் தலைப்பாகையை ஏற்க மறுத்தார்கள். அதைக் குறையாகக் கேட்க ஒரு வழி இருக்கவில்லை. கீழ்ப்படியாமை என்ற ஒரே கணக்கில்தான் எழுத முடிந்தது. இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி. இன்னும் 19 பேருக்கு 500 விதிக்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டதால் விடப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கலகம் திட்டமிடப்படுவதாகத் தன் கர்னலிடம் சொன்னார். கர்னல் அதை விசாரிக்கும் பொறுப்பைப் படையின் இந்திய அதிகாரிகளிடமே விட்டார். அவர்களில் சிலர் திட்டத்தில் பங்குள்ளவர்கள். சொன்னவருக்குப் புத்தி சரியில்லை என்று முடிவாகி, அவரையே அடைத்து வைத்தார்கள். ஜூலை 10 விடியுமுன் கோட்டை எழுந்தது. அன்றே ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அதை ரத்தத்தில் அடக்கியது.

வேலூர் எழுச்சிக்குக் காரணம் தலைப்பாகை மட்டும்தானா, கோட்டையில் இருந்த திப்புவின் குடும்பத்துக்கும் சம்பளக் குறைக்கும் எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. ஆய்வு அதிகாரம் என்ற கோணத்தில் பார்த்தால் மட்டும் இரண்டு ஓட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன. உத்தரவைப் பற்றிய குறை, உத்தரவு போட்டவரிடமே திரும்பிப் போனது. சதி பற்றிய தகவல், சந்தேகத்துக்கு உரியவர்களிடமே சரிபார்க்கப் போனது. பிறகு விசாரணைக் குழு அமைந்தது; தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டார்கள். மேல்மட்டத்தைக் கேள்வி கேட்க வழி பிறந்தது கோட்டைக்குள் நூற்றுக்கணக்கானோர் செத்த பிறகுதான்.

தளபதியின் கண்ணாக ஆய்வர்

இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்ற பதவி பிறந்தபோது அதற்கும் நீதிக்கும் சம்பந்தமில்லை. பதினான்காம் லூயியின் பிரான்சில், சொந்தச் செலவில் படை நடத்திய கர்னல்கள் ஆள்கணக்கைக் கூட்டிக் காட்டிச் சம்பளப் பணத்தைச் சுருட்டினார்கள். அரசரின் ஆள் நேரில் வந்து தலை எண்ண வேண்டியிருந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் 1778 மே மாதம் அந்தப் பதவிக்கு வந்த ஷ்டாய்பன், பிரஷ்யாவிலிருந்து வந்தவர். குளிரில் நைந்து கிடந்த படைக்கு அணிவகுப்பு கற்றுக்கொடுத்தார். கூடவே துப்பாக்கி எத்தனை, உடுப்பு எத்தனை, ஆள் எத்தனை என்று கம்பெனி கம்பெனியாகக் கணக்கெடுத்தார். இந்தியாவிலும் இந்த மரபு இருந்தது. பின்னாளில் முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய டக்ளஸ் ஹேக், 1903 முதல் 1906 வரை இந்தியக் குதிரைப்படையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல். அவர் பார்த்தது பயிற்சியை. குதிரைவீரரின் மனக்குறை அவர் வேலையில் சேராது.

இந்த மரபுக்காரர்கள் சொல்வது எளிதில் தள்ளக்கூடியதல்ல. படையின் பேச்சு, பழக்கம், கருவி தெரியாதவர் ஆய்வுக்கு வந்தால் காட்டுவதைத்தான் பார்த்துவிட்டுப் போவார். கண்டுபிடித்ததை உடனே சரிசெய்யும் அதிகாரமும் தளபதியிடம்தான் இருக்கிறது. அதனால் ஆய்வர் அவர் பக்கத்தில் இருப்பதே பயன். குறை கேட்க வெளிக்கதவைத் திறந்துவிட்டால் உத்தரவு என்பது விவாதமாகிவிடும் என்ற அச்சமும் உண்டு. எல்லையில் நிற்கும் படைக்கு அது வெறும் கற்பனை அச்சம் இல்லை.

பலவீனம் எங்கே என்றால், தவறு தளபதியைத் தொடும்போது. இலங்கையில் 2011இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு அறிக்கை, இறுதிப்போரின் சில சம்பவங்களை மேலும் விசாரிக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு ராணுவமே ஒரு விசாரணை மன்றத்தை அமைத்தது. 2013இல் அது தந்த முடிவு, ஆணைக்குழு சுட்டிய ஷெல் வீச்சுகளுக்கு ராணுவம் காரணமல்ல என்பது. அந்த முடிவின் சரி தவறு ஒருபுறம் இருக்கட்டும். குற்றம் சாட்டப்பட்ட அமைப்பே நடத்திய விசாரணை என்பதால், பாதிக்கப்பட்ட தமிழர்களிடம் அதற்கு நம்பகம் பிறக்கவில்லை. உள்விசாரணை சில நேரம் உண்மையையே சொல்லலாம். அது உண்மைதான் என்று வெளியில் இருப்பவரை நம்பவைக்க அதனிடம் ஒன்றும் இருப்பதில்லை.

இதற்கு மாற்றாக அடிக்கடி காட்டப்படுவது ஆஸ்திரேலியா. அங்கே பாதுகாப்புப் படையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் படைக்குள்ளேயே இருக்கிறார், ஆனால் உத்தரவுச் சங்கிலிக்கு வெளியே. ஆப்கானிஸ்தானில் சிறப்புப் படையினர் மீது எழுந்த சந்தேகங்களை அந்த அலுவலகத்துக்காக நீதிபதி பால் பிரெரட்டன் விசாரித்தார். 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்கு நம்பத்தக்க தகவல் உண்டு என்று 2020இல் அறிக்கை வந்தது. தன் படைமேல் இப்படி எழுதிய உள் அலுவலகம் அபூர்வம். இருந்தும் விசாரணைக்கு நான்கு ஆண்டு பிடித்தது. பழி பெரும்பாலும் ரோந்துத் தலைவர்கள் மட்டத்தோடு நின்று, உயர் தளபதிகள் வரை ஏறவில்லை என்று அங்கேயே விமர்சனம் உண்டு.

நாடாளுமன்றத்தின் ஆள்

இரண்டாவது பதில் ஐரோப்பாவின் வடக்கிலிருந்து வந்தது. ஸ்வீடன் 1915இலும் நார்வே 1952இலும் படைவீரர் குறைக்கென்று நாடாளுமன்றத்தின் சார்பில் ஆள் வைத்தன. ஹிட்லர் காலத்துக்குப் பிறகு மறுபடி படை கட்டிய மேற்கு ஜெர்மனி, 1956இல் தன் அரசியல் சட்டத்திலேயே 45பி என்ற பிரிவைச் சேர்த்து நாடாளுமன்றப் படை ஆணையர் பதவியை உண்டாக்கியது. எந்தப் படைவீரரும் மேலதிகாரியைக் கேட்காமலே அவருக்கு நேராக எழுதலாம். அவரும் முன்னறிவிப்பின்றி எந்த முகாமுக்குள்ளும் போகலாம். ஆண்டுதோறும் அவர் தரும் அறிக்கை அச்சாகிப் பொதுவெளிக்கு வருகிறது. ஓட்டைக் கூரை, பறக்காத ஹெலிகாப்டர், கொடுமைப்படுத்தும் சார்ஜெண்ட் எல்லாம் அதில் உண்டு.

பிரிட்டன் இந்த வழிக்கு வந்தது மரணங்களுக்குப் பிறகு. டீப்கட் பயிற்சி முகாமில் 1995க்கும் 2002க்கும் இடையில் இளம் படைவீரர் நால்வர் துப்பாக்கிக் குண்டுக்கு இறந்தார்கள். அதை ஆராய்ந்த நிக்கலஸ் பிளேக், 2006இல் சுதந்திரமான புகார் அதிகாரி வேண்டும் என்றார். 2008இல் ஆணையர், 2016இல் கூடுதல் அதிகாரத்தோடு ஆம்பட்ஸ்மேன், 2025இல் புதிய ஆணையர் சட்டம் என்று அந்த அலுவலகம் படிப்படியாகத்தான் வளர்ந்தது. கனடா சோமாலியாவில் தன் வீரர்கள் செய்த கொலையை விசாரித்த ஆணையத்திடமிருந்து 1997இல் ஒரு பரிந்துரை பெற்றது: சுதந்திரமான இன்ஸ்பெக்டர் ஜெனரல் வேண்டும் என்று. அரசு அதை ஏற்காமல், அடுத்த ஆண்டு அமைச்சரின் உத்தரவில் இயங்கும் ஆம்பட்ஸ்மேனை நியமித்தது. சட்டத்தில் வேர் இல்லாத பதவி என்ற குறை இன்றும் பேசப்படுகிறது.

இந்த வழியின் பலவீனம் பரிந்துரைக்க மட்டுமே முடிவது. பதவி உயர்வு மறுக்கப்பட்டவருக்கு ஆணையர் பதவி வாங்கித்தர இயலாது. அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்கும் நாடாளுமன்றம் இருந்தால் ஆணையருக்குப் பல் உண்டு. இல்லாவிட்டால் அவர் எழுதுவது ஆண்டுமலர்தான்.

அமெரிக்கா இரண்டையும் கலந்தது. 1978இன் இன்ஸ்பெக்டர் ஜெனரல் சட்டம் முதலில் பாதுகாப்புத் துறையை விட்டுவிட்டது, 1982இல் சேர்த்தது. அந்த அலுவலகம் பாதுகாப்பு அமைச்சருக்கும் காங்கிரசுக்கும் பதில் சொல்கிறது. சில ரகசிய விவகாரங்களில் அமைச்சர் விசாரணையை நிறுத்தலாம், ஆனால் நிறுத்தியதைக் காங்கிரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆப்கானிஸ்தான் மறுகட்டுமானத்துக்கென 2008இல் தனி இன்ஸ்பெக்டர் ஜெனரல் வைத்தார்கள். ஆப்கன் விமானப்படைக்கு ஏறக்குறைய 50 கோடி டாலர் செலவில் வாங்கிய 20 சரக்கு விமானங்களில் 16, காபூலில் பழைய இரும்பாகக் கிலோ கணக்கில் விற்கப்பட்டதை ஊருக்குச் சொன்னது அந்த அலுவலகம்தான். ஆனால் 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் பாதுகாப்புத் துறை உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்ட இன்ஸ்பெக்டர் ஜெனரல்களை ஒரே இரவில் நீக்கினார். நீக்கிய முறை சட்டத்துக்கு முரண் என்று பின்னால் நீதிமன்றம் சொன்னது, பதவியை மட்டும் திருப்பித் தரவில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதே போதும் என்று எண்ணியவர்களுக்கு அது ஒரு பதில்.

இந்தியாவில் பங்கு பிரித்த பொறுப்பு

அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சங்கம் வைக்க, கூட்டம் போட, பத்திரிகையிடம் பேச ராணுவ வீரருக்குத் தடை. அந்தத் தடைக்கு ஈடாகச் சட்டம் தருவது 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. அநியாயம் நடந்ததாகக் கருதும் வீரர் தன் கம்பெனி அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். புகாரே அந்த அதிகாரி மேல் என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் போகலாம். அங்கிருந்து படிப்படியாகத் தலைமைத் தளபதி வரை. அதிகாரிகளுக்கு 27ஆம் பிரிவு. அவர்கள் மத்திய அரசு வரை போகலாம்.

வேலூரின் முதல் ஓட்டையைச் சட்டம் எழுதியவர்கள் கவனித்திருக்கிறார்கள் என்பது இதில் தெரிகிறது. ஆனால் அடுத்த மேலதிகாரி என்பவரும் அதே சங்கிலியின் அடுத்த கண்ணி. அவர்தான் அந்த அதிகாரியின் ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவர். அவருடைய படையின் நற்பெயரும் இதில் அடங்கியிருக்கிறது. இன்னொரு பக்கம் 56ஆம் பிரிவு இருக்கிறது: இப்படித் தரும் மனுவில் பொய்யென்று தெரிந்தே ஒருவரின் நடத்தையைப் பழித்தால் ஐந்தாண்டு வரை சிறை. பொய்ப் புகாரைத் தடுக்க அது தேவைதான். சாட்சி சொல்லத் தயங்கும் முகாமில், உண்மைப் புகாருக்கும் அது ஒரு தடையாக இருக்கக்கூடும்.

நீதிமன்றத்துக்குப் போகும் வழி பிறந்தது தாமதமாக. படை நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒரு மேல்முறையீடுகூட இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1982இல் பிரித்தி பால் சிங் பேடி வழக்கில் வருந்தியது. ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது 2007இல். முதன்மை அமர்வு டெல்லியில் திறந்தது 2009 ஆகஸ்டில். சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களுக்கு, ஊனமுற்றோர் ஓய்வூதிய வழக்கென்றால் அந்த அமர்வுதான் கதி. தீர்ப்பாயத்துக்கு வருமுன் உள்வழியை முடித்துவிட வேண்டும். மனுவுக்கு ஆறு மாதமாகப் பதில் இல்லையென்றால் முடிந்ததாகக் கொள்ளலாம். தீர்ப்பாய உத்தரவை உயர் நீதிமன்றங்கள் பார்க்கலாமா என்பதே பல ஆண்டு இழுத்து, பார்க்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தீர்ப்பாயம் நீதிமன்றம், ஆய்வு அலுவலகம் அன்று. வழக்குப் போட்டவரின் வழக்கைத் தீர்க்கும். எந்த முகாமிலிருந்து ஒரே மாதிரிப் புகார் பத்து வருகிறது என்று தேடிப் போகாது.

தேடிப் போகும் வேலைக்கு மிக நெருங்கியது 2019 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் ஒப்புதல் தந்த மாற்றம். அதுவரை பல இடங்களில் சிதறியிருந்த விழிப்புப் பணி, தலைமைத் தளபதிக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒரு கூடுதல் தலைமை இயக்குநரிடம் வந்தது. அவருக்குக் கீழே முப்படையிலிருந்தும் கர்னல் நிலை அதிகாரிகள். மனித உரிமைக்குத் தனிப் பிரிவு, அதில் அயல்பணியில் ஒரு போலீஸ் அதிகாரி. ஷ்டாய்பன் மரபில் பார்த்தால் இது நல்ல அமைப்பு. ஆனால் தொகுத்த ஆண்டறிக்கை எதுவும் இதிலிருந்து நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுவதில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கையும் கட்டுண்டிருக்கிறது. 1993ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஆயுதப்படை மீதான புகாரில் தேசிய ஆணையம் மத்திய அரசிடம் அறிக்கை கேட்கலாம். தானே விசாரிக்க இயலாது. 2021 டிசம்பரில் நாகாலாந்தின் ஓட்டிங்கில் சுரங்கத் தொழிலாளர்கள் சுடப்பட்டபோது மாநிலப் போலீசார் 30 ராணுவத்தினர் மேல் குற்றப்பத்திரிகை தயாரித்தார்கள். வழக்கு நடத்த மத்திய அரசு அனுமதி மறுத்தது. படைக்குள் என்ன விசாரித்து என்ன கண்டார்கள் என்பது முழுதாக வெளியே வரவில்லை.

எஞ்சுவது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சிஏஜி. பணத்தின் வால்பிடித்துப் போகும் அந்த அலுவலகம்தான் இந்தியாவில் இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்குரிய எழுத்தைச் சில நேரம் எழுதியிருக்கிறது. உயர்மலை முகாம்களில் குளிர் உடுப்புக்கும் பனிக் கண்ணாடிக்கும் தட்டுப்பாடு இருந்ததையும், மாற்று உணவைக் கலோரிக் கணக்கில் தராமல் விலைக் கணக்கில் தந்ததால் வீரரின் தட்டில் சத்துக் குறைந்ததையும் அது சொன்னது. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்த அந்த அறிக்கை பேசியது 2018 வரையான காலத்தை. பனியில் நின்றவர் அதற்குள் இடம் மாறியிருப்பார்.

இரண்டு சாப்பாட்டுத் தட்டுகள்

2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் கருகிய ரொட்டியையும் தண்ணீர்ப் பருப்பையும் காட்டி வீடியோ போட்டார். அவர் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் வாசல்கூட அவருக்கு இல்லை. அதே வாரங்களில் ராணுவத்தில் ஒரு லான்ஸ் நாயக், அதிகாரியின் நாயை நடைக்குக் கூட்டிப் போகவும் பூட்ஸ் துடைக்கவும் வைக்கிறார்கள் என்று ஆர்டர்லி வேலையைப் பற்றிப் பேசி வீடியோ வெளியிட்டார். (தமிழ்நாட்டுப் போலீசில் 1979 அரசாணையிலேயே ஒழிந்ததாகச் சொல்லப்பட்ட ஆர்டர்லி முறையை 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி ஒழிக்கச் சொல்ல வேண்டியிருந்தது, இந்த நோய் ஒரு படைக்கு மட்டும் உரியது அல்ல.) ராணுவத் தளபதி பிபின் ராவத், தனக்கே நேராக வரும் புகார்ப் பெட்டிகளை வைத்தார், சமூக ஊடகத்துக்குப் போகாதீர்கள் என்றும் எச்சரித்தார். சாப்பாட்டு வீடியோ போட்டவர் அந்த ஏப்ரலில் பணிநீக்கம் ஆனார். அவர் சொன்னது நிரூபணமாகவில்லை என்றது படை.

இரண்டாவது தட்டு ஆலைத் தொழிலாளருடையது. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கி, சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்களில் 150க்கும் மேற்பட்டோருக்குச் சாப்பாட்டால் உடல்நிலை கெட்டது. வதந்தியும் பயமும் கிளம்பி, அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அமைச்சர்களும் மாவட்ட நிர்வாகமும் ஓடிவந்தார்கள். ஆலை மூடி, ஜனவரி நடுவில்தான் திறந்தது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. விடுதிகளும் சமையற்கூடங்களும் தரத்துக்கு உட்படவில்லை என்று ஒப்புக்கொண்டது.

இரண்டிலும் குறை சாப்பாடு. இரண்டிலும் உள்ளே சொன்னால் தீரும் என்ற நம்பிக்கை இருக்கவில்லை. அந்தப் பெண்களுக்குச் சாலை இருந்தது, வாங்குபவர் என்று ஒரு வெளிநாட்டு நிறுவனம் இருந்தது. எல்லையில் இருப்பவருக்குச் சாலையில் உட்கார உரிமை இல்லை, இருக்கவும் கூடாது என்பதே பெரும்பாலோர் கருத்து; என் கருத்தும் அதுதான். அப்படியானால் அந்த உரிமையைப் பறித்த அரசுக்குக் கூடுதல் கடமை ஒன்று பிறக்கிறது. உள்வழி வேண்டாம், வீடியோவே போதும் என்பாரும், உள்வழி இருக்கிறது, அதற்கு மேல் எதற்கு என்பாரும் இந்தக் கடமையைத் தொடுவதில்லை.

ஐ-நோட்டும் ட்ரோனும்

பொருளைச் சோதிக்கும் கதை வேறு பாதையில் வந்தது. ராணுவத் தளவாடத்தின் தரத்தைப் பார்ப்பது தர உறுதித் தலைமை இயக்குநரகம். டாங்கிகளுக்கான அதன் பிரிவு ஆவடியில் இருக்கிறது, 1965 கடைசியில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில். வரைபடமும் அளவும் பொருள்விவரமும் அடங்கிய முத்திரையிட்ட ஆவணம் அந்த இயக்குநரகத்தின் பொறுப்பு. அதில் இருப்பதற்கு ஒரு மயிரிழை மாறினாலும் அதன் ஒப்புதல் வேண்டும். சப்ளை செய்யும் சிறு பட்டறைக்காரருக்குத் தெரிந்த பெயர் ஐ-நோட். ஆய்வர் அளந்து பார்த்துக் கையெழுத்திட்ட அந்தத் தாள் வந்தால்தான் பில் போட முடியும்.

இந்த ஏற்பாட்டின் மேல் இரண்டு நேர் எதிரான புகார்கள் நெடுங்காலமாக உண்டு. தனியார் உற்பத்தியாளர்களுக்கு இது தாமதத்தின் மறுபெயர். கார் தொழிலில் பத்து லட்சத்துக்கு எத்தனை ரிஜெக்ட் என்று கணக்கு வைத்து, தன் லைனைத் தானே கட்டுப்படுத்தும் நிறுவனத்துக்கு, வெளியே இருந்து ஒருவர் வந்து ஒவ்வொரு லாட்டையும் அளப்பது பழைய காலத்துப் பழக்கமாகப் படுகிறது. 2017இன் பசுமை வழிச் சான்றும் சுயச் சான்று முறையும் அவர்களுக்கான பதில். படைகளின் புகார் வேறு: ஆய்வும் உற்பத்தியும் ஒரே துறையின் கீழ் இருந்தன. தளவாட ஆலைகளும் அவற்றைச் சோதிக்கும் இயக்குநரகமும் பாதுகாப்பு உற்பத்தித் துறைக்கே பதில் சொல்லின. பொருளைப் பயன்படுத்தும் படைக்கு அல்ல. 2021 அக்டோபர் 1 முதல் ஆலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தன, கவச வாகன நிறுவனத்துக்கு ஆவடி தலைமையிடம். 2024 மார்ச்சில் இயக்குநரகமும் மாற்றி அமைக்கப்பட்டது. சோதனைக் களங்களை ஒதுக்குவதற்குத் தனிப் பிரிவு உருவானது. துறை மட்டும் மாறவில்லை.

வல்லம் வடகால் இந்தச் சட்டகத்தில்தான் வருகிறது. 2020இல் 400 கோடி ரூபாயில் அறிவித்த பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தில், செலவின் முக்கால் பங்கு வரை மத்திய அரசு மானியம். மீதி தொழில் கூட்டமைப்பும் மாநிலமும் போடுவது. தமிழ்நாட்டுக்கு மூன்று மையங்களுக்கான ஒப்பந்தம் 2024 ஜூலையில் கையெழுத்தானது. ஆளில்லா விமான மையத்துக்குக் கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் தலைமை, ஒருங்கிணைப்பு தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ. இதுவரை அரசின் களத்துக்கு வரிசையில் நின்ற சிறு நிறுவனங்களுக்குப் பக்கத்திலேயே சோதனைக் கூடம் கிடைப்பது பெரிய வசதி. சோதனைக் கட்டணத்தில் வாழும் ஒரு நிறுவனம், கட்டணம் கட்டும் வாடிக்கையாளரின் பொருளை எவ்வளவு கண்டிப்பாகத் தள்ளும் என்ற சந்தேகம் அதனோடு கூடவே வரும். கார்த் தொழிலில் ஒரகடத்து வாகனச் சோதனை மையம் போன்றவை அங்கீகார விதிகளால் இதைச் சமாளிக்கின்றன. காரை வாங்குபவர் கடைக்குப் போகலாம், வழக்குப் போடலாம். ட்ரோனைப் பறக்கவிடும் நாயக்குக்கு அந்த இரண்டு வழியும் கிடையாது.

சோதனைக் கூடம் பிடிக்கக்கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு. 2025 பிப்ரவரியில் ராணுவத்துக்கான 400 சரக்கு ட்ரோன்களின் மூன்று ஒப்பந்தங்கள், சீன உதிரிபாகங்கள் இருந்ததற்காக ரத்தானதாகச் செய்தி வந்தது. பறக்கும் தூரமும் தூக்கும் எடையும் களத்தில் தெரியும். சர்க்கியூட் பலகையில் இருக்கும் சில்லு எங்கே பிறந்தது என்பது காகிதத்தைத் தோண்டினால்தான் தெரியும். அது தர ஆய்வரின் வேலையா, விழிப்புப் பிரிவின் வேலையா, தணிக்கையாளரின் வேலையா? மூன்று பேரும் மூன்று கட்டடத்தில் இருக்கும்போது அது நடுவில் விழுந்துவிட வாய்ப்பு அதிகம். எல்லாவற்றையும் ஒரே அலுவலகத்தில் சேர்த்த அமெரிக்க முறைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் இதுதான் என்று தோன்றுகிறது.

தீராமல் இருப்பவை

இந்தியாவுக்கு இன்ஸ்பெக்டர் ஜெனரல் வேண்டும் என்று அடித்துச் சொல்லச் சான்று போதவில்லை. ஜெர்மன் ஆணையர் வளர்ந்தது, நெடுங்காலம் போர்க்களம் காணாத படையில். ஆஸ்திரேலியப் படை சிறியது. பத்து லட்சத்துக்கு மேல் ஆள் கொண்ட, இரண்டு எல்லைகளில் விழித்திருக்கும் ராணுவத்தில், நேரடி மனு முறை கட்டுப்பாட்டைக் குலைக்குமா, உறுதியாக்குமா என்பதை எந்த நாட்டு அனுபவமும் நமக்காகச் சோதித்துத் தரவில்லை. 2015இல் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழு, வழக்குகளைக் குறைக்கவும் குறைதீர்ப்பை வலுப்படுத்தவும் 75 பரிந்துரைகள் தந்தது. அவற்றில் எவை நடைமுறைக்கு வந்து என்ன பலன் தந்தன என்று ஒரு முழுக் கணக்கு வெளியானாலே விவாதம் பாதி தெளியும்.

புதிய அலுவலகம் கட்டாமலே செய்யக்கூடியவை சில இருக்கின்றன: விழிப்புப் பிரிவின் தலைவருக்கு நிலையான பதவிக்காலம், புகாருக்குக் காத்திராமல் தானே விசாரணை தொடங்கும் அதிகாரம், ரகசியம் நீக்கிய ஆண்டறிக்கையை நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குத் தருவது. மூன்றாவதுதான் கடினம் என்று நினைக்கிறேன்; முதல் இரண்டையும் தளபதியே கொடுத்துவிடலாம்.

இதற்கிடையில் படையின் அமைப்பே மாறிவிட்டது. 2022இன் அக்னிபத் திட்டத்தில் சேர்பவருக்குப் பணி நான்கு ஆண்டு. அதிகபட்சம் நான்கில் ஒருவர்தான் நிலைத்த பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார். அந்தத் தேர்வில் அவருடைய அதிகாரிகளின் மதிப்பீட்டுக்கும் இடம் உண்டு. 26ஆம் பிரிவின் மனுவை அவர் கொடுக்க வேண்டியதும் அதே அதிகாரிகளிடம். பதிலுக்கு ஆறு மாதம் காத்திருந்து தீர்ப்பாயம் போனால், பணிக்காலத்தில் பெரும் பங்கு அதிலேயே கரைந்துவிடும். பதினேழு ஆண்டு பணியாற்றிய சிப்பாய்க்காக எழுதிய குறைதீர்ப்பு முறை இவருக்குப் பொருந்துமா என்று சட்டத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போன முதல் அணியின் நான்காண்டு, 2026 கடைசியில் முடியத் தொடங்குகிறது. வெளியே வரும் முக்கால் பங்கினரில் எத்தனை பேர் உள்ளே இருந்தபோது மனு கொடுத்தார்கள், வந்தபின் எத்தனை பேர் சென்னை அமர்வின் படியேறுகிறார்கள் என்ற இரண்டு எண்களையும் யாராவது ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலை இப்போதைக்கு எந்த அலுவலகத்தின் பொறுப்பிலும் இல்லை.